எச்சில் டாக்டரின் பச்சை அட்டை

எங்கள் பகுதி ஆண்கள் எதற்காகவும் வரிசையில் நின்றதாகச் சரித்திரம் கிடையாது. பஸ்ஸுக்கு நிற்கமாட்டார்கள், டிப்போவில் டைம் கீப்பராக இருக்கும் எனக்கு இது நன்றாகவே தெரியும். தபால் ஆபீசுக்கு மனைவியை அனுப்புவார்கள், மின்சாரக் கட்டணம் கட்ட மகளை அனுப்புவார்கள். அப்பேர்ப்பட்ட சிங்கங்கள் ஒரு மாதமாகக் காலை ஆறு மணிக்கே தலை வாரிக்கொண்டு வந்து, பழைய செருப்புக் கடை வாசலில் ஒருவர் பின் ஒருவராக ஒழுங்காக நின்றார்கள். எதற்கு? துப்புவதற்கு.

சாதாரணத் துப்பல் என்று நினைத்துவிடாதீர்கள். விஞ்ஞானத் துப்பல். விரல் நீளத்தில் ஒரு பிளாஸ்டிக் குழாய் தருவார்கள். கோடு போட்ட இடம் வரைக்கும் எச்சிலால் நிரப்பி, மூடி ஒட்டி, ஒரு படிவத்தோடு கொடுத்துவிட வேண்டும். வாய் வறண்டவர்கள் குழாயை வீட்டுக்குக் கொண்டுபோய் நிதானமாகத் துப்பி எடுத்து வரலாம். பத்து நாளில் தீர்ப்பு வரும். பச்சை அட்டை வந்தால் உங்களுக்குப் புரோஸ்டேட் புற்றுநோய் ஆயுசுக்கும் வராது. சிவப்பு அட்டை வந்தால் வரும். வந்தாலும் கவலை வேண்டாம், அதைத் தடுக்கிற 'ஜீன் கவசம்' என்ற சொட்டு மருந்து அதே கடையில் கிடைக்கும். மாதம் ஒரு பாட்டில், உயிர் உள்ளவரை.

புரோஸ்டேட் என்பது ஆண்களுக்கு மட்டும் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் ஒரு சின்னச் சுரப்பி. அப்படி ஒன்று தங்களிடம் இருப்பதே எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு அதுவரை தெரியாது. தெரிந்தவர்களும் பெயரைச் சொல்லக் கூச்சப்பட்டுக் 'கீழ்ப்பக்கத்துச் சமாச்சாரம்' என்பார்கள். செருப்புக் கடை திறந்த ஒரு வாரத்தில் எல்லோரும் அதைப் பற்றிக் கிரிக்கெட் பேசுவதுபோலப் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

கடை காலியாகி வருடக்கணக்கானாலும் சுவரில் முழங்கால் உயரத்துக் கண்ணாடிகள் அப்படியே இருந்தன. வரிசையில் நிற்பவனுக்குத் தன் தலை தெரியாது, கால் மட்டும்தான் தெரியும். அந்த இடத்துக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

நடுவில் ஆளுயர வெள்ளை மெஷின். நீல விளக்கு, 'உர்'ரென்ற சத்தம். அதன் பக்கத்தில் வெள்ளைக் கோட்டு போட்ட டாக்டர். கழுத்தில் தொங்கிய அட்டையில் பெயருக்குப் பின்னால் ஏழெட்டு எழுத்துகள். அவற்றுக்கு என்ன அர்த்தம் என்று யாரும் கேட்கவில்லை. புரிந்துவிட்டால் அப்புறம் அது என்ன பெரிய படிப்பு? ஊர் அவருக்கு 'எச்சில் டாக்டர்' என்று பெயர் வைத்தது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. வருமானம் வரும் பெயரை யார் கோபித்துக்கொள்வார்கள்?

தினமும் ஒரு சொற்பொழிவு உண்டு. "கைரேகை பார்க்கிறது மூடநம்பிக்கை! நட்சத்திரம் பார்க்கிறது மூடநம்பிக்கை! உங்க தலையெழுத்து நெத்தியில இல்லீங்க, உங்க எச்சில்ல இருக்கு! ஒரு லட்சத்து நாப்பதாயிரம் ஆம்பளைங்களை ஆராய்ச்சி பண்ணிக் கண்டுபிடிச்ச விஷயம் இது!"

கூட்டம் கைதட்டும். மூடநம்பிக்கையை இவ்வளவு காரமாகத் திட்டுகிற மனிதர் நம்மை ஏமாற்றுவாரா என்ன?

நானும் துப்பினேன். ஒளிப்பானேன்? படிவத்தில் இருபது கேள்விகள். வயது, தொழில், சொந்த வீடா வாடகை வீடா, சொந்தத் தொழிலா சம்பளமா. புற்றுநோய்க்கும் வாடகைக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கும் ஒரு நொடி தோன்றத்தான் செய்தது. பின்னால் நின்றவர் "சீக்கிரம் எழுதுங்க சார்" என்று முதுகில் குத்தியதில் அந்த நொடி போய்விட்டது.

பதினோராவது கேள்வி: 'உங்கள் மூதாதையர் யார்?' கீழே ஏழு கட்டங்கள். பனி நாட்டின் வடக்குப் பகுதி, பனி நாட்டின் தெற்குப் பகுதி, பனி நாட்டின் மலைப் பகுதி என்று ஆறு கட்டம் அந்த ஒரு நாட்டுக்கே. ஏழாவது கட்டத்தில் 'மற்றவை' என்று இருந்தது. எங்கள் தெரு துறைமுகத்தை ஒட்டியது. நாலு கடல் தாண்டிக் கப்பலில் வந்து இறங்கியவர்களின் பேரன்கள் கலந்து கட்டி வாழ்கிற இடம். நிறத்தில் பத்து வகை, மூக்கில் பத்து வகை. அத்தனை பேரும் ஏழாவது கட்டத்தில் டிக் அடித்தோம். நாற்பத்தேழு வருடம் வாழ்ந்த பிறகுதான் நான் ஒரு 'மற்றவை' என்று எனக்கே தெரிந்தது.

எனக்குப் பச்சை வந்தது. மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. என் அத்தானுக்கும் பச்சை வந்தபோதுதான் வினை ஆரம்பித்தது.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். எட்டாம் நம்பர் பஸ் டிரைவர். இருபத்திரண்டு வருடம் ஒரு நிமிடம் பிந்தாமல் ஓட்டிய மனிதர். போன வருடத்திலிருந்து ஒவ்வொரு நடையும் ஆறு நிமிடம் தாமதம். காரணம், மீன் மார்க்கெட் பக்கத்துப் பொதுக் கழிப்பறை. பஸ்ஸை அங்கே நிறுத்திவிட்டு, பயணிகளை உட்கார வைத்துவிட்டு ஓடுவார். வழக்கமாக வருகிறவர்கள் பழகிவிட்டார்கள். புதிதாக ஏறியவர் யாராவது "ஏன் நிக்குது?" என்று கேட்டால், "டிரைவருக்கு ஸ்டாப்" என்று கண்டக்டர் பதில் சொல்வார். டைம் கீப்பர் என்ற முறையில் சொந்த அத்தானுக்கே நான் விளக்கம் கேட்டுக் கடிதம் கொடுக்க வேண்டியதாயிற்று.

அந்தக் கடிதத்தைப் பார்த்ததும் அக்கா வெளிறிப்போனாள். அத்தானின் அப்பாவும் இதே வயதில் இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தார். வெளியே சொல்ல வெட்கப்பட்டார். ஆஸ்பத்திரிக்குப் போனபோது புற்றுநோய் இடுப்பெலும்புக்குள் போயிருந்தது. கடைசி எட்டு மாதம் அவரைப் புரட்டிப் படுக்க வைத்தது என் அக்காதான். அந்த முனகலை இன்னும் மறக்க முடியவில்லை என்பாள்.

அக்கா தராசு மெக்கானிக். காய்கறிக் கடையிலிருந்து நகைக் கடை வரை இந்தப் பகுதித் தராசுகள் எல்லாம் அவள் கை பட்டவை. 'தராசக்கா' என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். அவள் சண்டை போட்டு, கெஞ்சி, அத்தானுக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் நாள் வாங்கியிருந்தாள். "முதல்ல ரத்தம் எடுப்பாங்க. தேவைப்பட்டா டாக்டர் பின்பக்கமா விரல் விட்டுப் பார்ப்பாங்க" என்று அவள் சொன்னதும், இருபத்திரண்டு வருட சர்வீஸில் போடாத பிரேக்கை அத்தான் போட்டார். ரத்தம்கூடப் பரவாயில்லை, அந்த விரல் அவரைத் தூங்கவிடவில்லை. அந்த நேரம் பார்த்துச் செருப்புக் கடை திறந்தது. விரலா, துப்பலா என்றால் எந்த ஆண்மகன் விரலைத் தேர்ந்தெடுப்பான்?

பச்சை அட்டையோடு அவர் வந்த அன்றைக்கு நானும் அங்கே இருந்தேன். சமையலறை மேசையில் அக்கா ஒரு பேக்கரித் தராசைப் பிரித்துப் போட்டிருந்தாள்.

"பார்த்தியா? தொண்ணூத்தொன்பது புள்ளி ஏழு சதவீதம் பாதுகாப்பு!"

"அந்தப் புள்ளி ஏழு எங்கேருந்து வந்துச்சு?"

"கம்ப்யூட்டர்லேருந்து."

"உங்கப்பா எதனால போனாரு?"

"அது அவரோட ஜீன்."

"உங்க ஜீன் எங்கேருந்து வந்துச்சு?"

அத்தான் கொஞ்சம் யோசித்தார். "எங்கம்மாகிட்டேருந்து" என்றார். சொல்லிவிட்டு அவசரமாகக் கழிப்பறைக்கு ஓடினார்.

திரும்பி வந்து முடிவாகச் சொன்னார்: "இனிமே ஆஸ்பத்திரிப் பேச்சு வேண்டாம். நாளைக்குப் போகல." மறுநாள் பச்சை அட்டை பிளாஸ்டிக் உறைக்குள் ஸ்டியரிங்குக்கு மேலே தொங்கியது. பஸ் அன்றைக்கும் ஆறு நிமிடம் தாமதம்.

அக்கா என்னைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள், வேறு நாள் கேட்க. அங்கே இருந்த டாக்டரம்மா மதியம் இரண்டு மணிக்கும் காலைச் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்காமல் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பச்சை அட்டை என்றதும் பேனாவைக் கீழே வைத்தார்.

"இந்த வாரம் நீங்க ஒன்பதாவது ஆளு" என்றார். "ஜீனை வச்சு ஆபத்தைக் கணக்குப் போடுறது பொய் இல்லம்மா. நிஜமான ஆராய்ச்சிதான். நூத்துக்கணக்கான சின்னச் சின்ன வித்தியாசங்களைக் கூட்டி, ஒருத்தருக்கு ஆபத்து கூடவா குறைவான்னு மதிப்பெண் போடுவாங்க. ஆனா ரொம்ப நாளா அதைப் பெரும்பாலும் ஒரே வம்சத்து ஆளுங்ககிட்டதான் பார்த்திருக்காங்க. அவங்களுக்குப் பொருந்துறது மத்தவங்களுக்கு அதே மாதிரி பொருந்துறதில்ல. இப்பத்தான் எல்லா மக்களையும் சேர்த்துப் பார்க்கிறாங்க. அதுவும் ஆபத்து எவ்வளவுன்னு சொல்லுமே தவிர, 'உனக்கு வரவே வராது'ன்னு எழுதிக் குடுக்காது."

"புரியுதும்மா" என்றாள் அக்கா. "வெளிநாட்டுல சரிபார்த்த எலக்ட்ரானிக் தராசு இங்க வந்தா, இங்க மறுபடியும் எடைக்கல் வச்சுச் சரிபார்க்கணும். இல்லாட்டி புள்ளிக்கு அப்புறம் மூணு எண் வரைக்கும் சுத்தமா தப்புச் சொல்லும்."

டாக்டரம்மா முதல் முறையாகச் சிரித்தார். "நான் கால் மணி நேரம் பேசினதை ஒரு வரியில சொல்லிட்டீங்க. அடிக்கடி ஒண்ணுக்குப் போறது நிறையப் பேருக்கு வயசுக்கு வர்ற சாதாரண வீக்கம்தான். ஆனா இவரோட அப்பாவுக்கு இருந்திருக்கு. அதை விட்டுடக் கூடாது. வர்ற வியாழனை விட்டு அதுக்கடுத்த வியாழக்கிழமை எப்படியாவது கூட்டிட்டு வந்துடுங்க."

வெளியே வந்ததும் அக்கா படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். "பயமா இருக்குடா. மாமனாரைப் பார்த்த மாதிரி இவரையும் பார்க்க என்னால முடியாது" என்றாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். கொஞ்ச நேரம் கழித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "வா, அந்தத் தராசைச் சரிபார்ப்போம்" என்றாள்.

தராசைச் சோதிக்க அவள் தொழிலில் ஒரு முறை இருக்கிறது. ஒரே கல்லை இரண்டு தரம் வைத்துப் பார்; எடை மாறக் கூடாது. ஒன்றுமே வைக்காமல் பார்; பூஜ்யம் காட்ட வேண்டும். எடை தெரிந்த கல்லை வைத்துப் பார். அந்த எடையைச் சொல்ல வேண்டும். மூன்றிலும் தேறாத தராசு தராசே இல்லை.

நாலு குழாய், நாலு படிவம் வாங்கினோம். முதல் இரண்டு குழாயிலும் நானே துப்பினேன். இரண்டுக்கும் வேறு வேறு கற்பனைப் பெயர். மற்றபடி எழுத்துக்கு எழுத்து ஒரே பதில். ஒரே ஒரு கேள்வியை மட்டும் மாற்றினோம்: ஒருவருக்கு வாடகை வீடு, இன்னொருவருக்குச் சொந்த வீடு. மூன்றாவது குழாயில் குழாய்த் தண்ணீர். அதற்கும் ஒரு பெயர் வைத்து வாடகை வீட்டில் குடியமர்த்தினோம். நாலாவது, எங்கள் தெருத் தையல்காரர். அவருக்கு இரண்டு வருடமாகப் புரோஸ்டேட் புற்றுநோய்க்கு வைத்தியம் நடக்கிறது. நல்ல மனுஷன். "என் நோயால இன்னொருத்தருக்கு நல்லது நடந்தா நடக்கட்டும்" என்று சொல்லித் தன் சொந்தப் பெயரிலேயே துப்பிக் கொடுத்தார்.

பத்து நாள் கழித்துச் செவ்வாய்க்கிழமை நாலு அட்டையும் வந்தன. அதே செவ்வாய்க்கிழமை மாலையில்தான் எச்சில் டாக்டரின் 'ஆயிரமாவது பச்சை அட்டை விழா'. வியாழனுக்கு இன்னும் இரண்டு நாள். விழாவில் 'பச்சை அட்டை பெற்ற உழைப்பாளி' என்று பேச அழைக்கப்பட்டிருந்தவர் யார் தெரியுமா? என் அத்தான். சலவைச் சட்டை போட்டு மேடையில் உட்கார்ந்திருந்தார். அதற்குள் இரண்டு தரம் அவசரமாக எழுந்து, அடக்கிக்கொண்டு உட்கார்ந்தும் விட்டார்.

கடை நிரம்பி வழிந்தது. டாக்டர் மைக்கைப் பிடித்து, "கேள்வி கேளுங்க! விஞ்ஞானம் கேள்விக்குப் பயப்படாது!" என்று முழங்கினார். யாரும் கேட்கமாட்டார்கள் என்ற தைரியம்.

அக்கா கையைத் தூக்கினாள். மேடையில் அத்தானின் முகம் இறங்கியது.

"ஒரே ஆளோட எச்சிலை ரெண்டு குழாயில குடுத்தோம். வாடகை வீடுன்னு எழுதினதுக்குப் பச்சை வந்துருக்கு. சொந்த வீடுன்னு எழுதினதுக்குச் சிவப்பு. ஏன் சார்?" இரண்டு அட்டைகளையும் தூக்கிக் காட்டினாள்.

டாக்டர் அசரவில்லை. "காலையில துப்பினது வேற, சாயங்காலம் துப்பினது வேற. ஜீனுக்கும் மனநிலை உண்டும்மா!"

"ஆமா ஆமா" என்றது கூட்டம். எங்கள் ஆட்களுக்கு மனநிலை என்றால் உடனே புரிந்துவிடும்.

"சரி. இது குழாய்த் தண்ணி. எச்சிலே இல்ல. இதுக்கும் பச்சை அட்டை குடுத்திருக்கீங்க."

கூட்டம் டாக்டர் பக்கம் திரும்பியது. அவர் முகத்தில் ஒரு கணம் ஈ ஆடவில்லை. மறு கணமே புன்னகை பூத்தார். "தண்ணிக்குப் புரோஸ்டேட் கேன்சர் வருமா?"

"வராது."

"மெஷினும் அதைத்தானே சொல்லியிருக்கு?"

கடை அதிரக் கைதட்டல். சத்தியமாகச் சொல்கிறேன், விசில்கூட அடித்தார்கள்.

அக்கா விடவில்லை. தையல்காரரைக் கைபிடித்து முன்னால் கூட்டி வந்தாள். "இவருக்கு ரெண்டு வருஷமா அந்த நோய்தான். ஆஸ்பத்திரிச் சீட்டு இதோ. இவருக்கும் பச்சை."

"'வராது'ன்னுதான் சொன்னேன். வந்துட்டதைப் பத்தி நான் ஒண்ணுமே சொல்லலியே!"

கூட்டம் சிரித்தது. தையல்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அத்தனை பேர் முன்னால் தன் நோயைச் சொல்ல வந்த மனிதரைப் பார்த்துச் சிரித்தார்கள். சிரித்தவர்களில் எட்டு பத்துப் பேராவது அவர் தைத்த சட்டையைப் போட்டிருந்தார்கள்.

மேடையிலிருந்து அத்தான் கத்தினார்: "போதும்! மானத்தை வாங்காதே, வீட்டுக்குப் போ!"

அக்கா போகவில்லை. பையிலிருந்து மூன்று குழாய்களை எடுத்து மேசையில் வைத்தாள். மேலே ஒன்று, இரண்டு, மூன்று என்ற எண் மட்டும்தான். "இதுல ரெண்டு எச்சில், ஒண்ணு சோப்புத் தண்ணி. எதுன்னு உங்க மெஷினை விட்டுச் சொல்லச் சொல்லுங்க. நாங்க இங்கேயே காத்திருக்கோம்."

"படிவம் எங்கேம்மா?"

"படிவம் இல்ல."

"படிவம் இல்லாம எப்படிச் சொல்றது?"

"மெஷின் பார்க்கிறது எச்சிலையா, படிவத்தையா?"

முன்வரிசையில் இருந்த பேக்கரிக்காரர் மெல்ல எழுந்தார். மூன்று மாடிச் சொந்த வீட்டுக்காரர். வந்தது சிவப்பு அட்டை. கையில் ஜீன் கவசம் பாட்டில். "அதானே... படிவம் எதுக்கு?" என்றார். அத்தனை பேர் இருந்த கூட்டத்தில் அன்றைக்கு எழும்பிய முதல் சந்தேகம் அதுதான். டாக்டர் உடனே, மெஷின் சூடாகிவிட்டது, எந்தப் பரிசோதனைக்கும் பத்து நாள் ஆகும், விஞ்ஞானத்தை அவசரப்படுத்தக் கூடாது என்று அடுக்க ஆரம்பித்தார்.

விஞ்ஞானத்தை அவசரப்படுத்தக் கூடாதுதான். ஆனால் அத்தானின் அவசரம் யாரைக் கேட்டது? நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டுப் பின்கட்டுக் கதவை நோக்கி ஓடினார். டாக்டர் குறுக்கே பாய்ந்தார்.

"உள்ளே போகக் கூடாது! அது ஆய்வுக்கூடம்!"

"யோவ், வழியை விடுய்யா! இங்கேயே போயிடுவேன்!"

பேருந்து ஓட்டி உரமேறிய தோள் டாக்டரை ஓரமாகத் தள்ளியது. கதவு திறந்தது, மூடியது. நாங்கள் எல்லோரும் மூடிய கதவையே பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். நான் வழக்கம்போல மணியைப் பார்த்தேன். நாலாவது நிமிடம் கதவு திறந்தது.

அத்தான் வெளியே வந்தார். கையில் ஒரு பழைய செருப்புப் பெட்டி. உள்ளே எச்சில் குழாய்கள் கட்டுக் கட்டாக. ஒன்றை எடுத்துத் தூக்கிக் காட்டினார்.

"இது என்னுது" என்றார். "என் கையெழுத்து. நான் ஒட்டின டேப் அப்படியே இருக்கு. பிரிக்கவே இல்ல."

பிறகு நடந்ததை நீங்களே கற்பனை செய்துகொள்ளலாம். பின்கட்டில் கூரை வரை செருப்புப் பெட்டிகள். ஆயிரக்கணக்கான எச்சில், ஒன்றின் மூடிகூடத் திறக்கப்படவில்லை. பெரிய மனிதர்கள் மண்டியிட்டு உட்கார்ந்து அவரவர் எச்சிலைத் தேடினார்கள். யாரோ மெஷினின் கதவைப் பிடித்து இழுத்தார்கள். அது பழைய குளிர்சாதனப் பெட்டி. உள்ளே ஒரு மின்விசிறி, ஒரு நீல பல்பு, டாக்டரின் மதியச் சாப்பாடு, இரண்டு வாழைப்பழம்.

பேக்கரிக்காரர் பாட்டிலைத் திறந்து டாக்டரின் வாயருகே நீட்டினார். "இது அவ்வளவு நல்ல மருந்துன்னா, முழுசையும் நீயே குடி."

டாக்டர் பின்வாங்கினார். "வேண்டாங்க... எனக்குச் சர்க்கரை வியாதி இருக்கு."

இப்படித்தான் ஜீன் கவசத்தில் என்ன இருக்கிறது என்பதும் தெரிந்தது. போலீஸ் வந்தபோது அவர் எதையும் மறைக்கவில்லை. சொந்த வீட்டுக்காரனுக்குச் சிவப்பு, ஏனென்றால் அவனால் மருந்து வாங்க முடியும். வாடகை வீட்டுக்காரனுக்குப் பச்சை, ஏனென்றால் அவன் சும்மா விளம்பரம் செய்வான். என் அத்தான் எட்டாம் நம்பர் பஸ்ஸில் தினம் அறுபது மைல் இலவசமாக அந்த விளம்பரத்தைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை அவர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "அப்பாவுக்கு இருந்துச்சா?" செருப்புக் கடைப் படிவத்தின் இருபது கேள்வியில் இது ஒன்று மட்டும் இல்லை. ரத்தத்தில் புரோஸ்டேட் சுரக்கும் புரதத்தின் அளவு கூடியிருந்தது. விரல் பரிசோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. எதற்காக மூன்று மாதம் பயந்தோம் என்று அவருக்கே வெட்கமாகப் போய்விட்டது. பிறகு ஸ்கேன், சதைப் பரிசோதனை. இருந்தது. ஆனால் சுரப்பியைத் தாண்டவில்லை. "சரி பண்ணிடலாம். இன்னும் ரெண்டு வருஷம் அட்டையைத் தொங்க விட்டுக்கிட்டு ஓட்டியிருந்தா, இதை நான் சொல்லியிருக்க முடியாது" என்றார் டாக்டரம்மா. அக்கா அந்த இடத்திலேயே டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அத்தான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். தோள் குலுங்கியது.

ஆபரேஷன் முடிந்து டிப்போவுக்கு வந்தவரிடம், "எப்படி அத்தான் நம்பினீங்க?" என்று கேட்டேன்.

"நல்ல சேதி சொன்னான், மச்சான். கெட்ட சேதி சொல்லியிருந்தா நூறு கேள்வி கேட்டிருப்பேன்."

இவர் பிழைத்தார். பச்சை அட்டை வாங்கியவர்களில் எத்தனை பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள் என்று நினைக்கிறீர்கள்? டிப்போவில் பதினோரு பேர். மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் தெரியுமா? "மத்தவங்களுக்கு வேணா பொய்யா இருக்கலாம் சார், எனக்கு வந்த பச்சை உண்மைதான்." ஒருவர் அந்த அட்டைக்குப் புது பிளாஸ்டிக் உறை வேறு மாற்றியிருக்கிறார்.

அவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். அப்பா அம்மாவிடமிருந்து நமக்கு வருவது நோய் மட்டும் இல்லை ஐயா. மூளையும் பரம்பரையாக வருவதுதான். அதைக் குழாயில் அடைத்து எவனிடமும் கொடுத்துவிடாமல், கொஞ்சம் நீங்களே பயன்படுத்துங்கள்.